தாழங்குடாவுக்கும் படுவான்கரைக்கும் இடையில்: ஆசிரியர் கல்வியின் அடுத்த பதினைந்து ஆண்டுகள்

மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரிலிருந்து ஒரு தந்தை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்து, பாடசாலை ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கான நேர்முகத் தேர்வை எதிர்பார்த்திருக்கிறார். கல்வியியற் கல்லூரிகள் பட்டம் வழங்கும் நிறுவனங்களாகப் போகின்றன என்று கேள்விப்படுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் ஆசிரியருக்கே இனி வேலையிராது என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் தம் மகள் பெறப்போகும் பயிற்சி பதினைந்து வருடங்களுக்குப் பிறகும் பெறுமதியுள்ளதாக இருக்குமா, ஆசிரியர் கல்வி எந்தத் திசையில் போகப்போகிறது என்று அவர் அறிய விரும்புகிறார்.

ஆசிரிய மாணவர்களின் கற்பித்தற் பயிற்சியை மேற்பார்வை செய்வதிலேயே என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியை விட்டு வெளியேறி, முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் தனியே நுழையும் இளம் ஆசிரியையின் அருகில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு யார் நிற்கப்போகிறார் என்பதே ஆசிரியர் கல்வியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். சான்றிதழின் பெயரும், கல்லூரிப் பெயர்ப்பலகையும், கையில் இருக்கும் கருவியும் அதற்கு அடுத்த இடத்திலேயே வருகின்றன. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை விளக்க, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் மாவட்டங்களில் ஆசிரியர் எப்படி உருவாகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பயிற்றப்பட்ட ஆசிரியராவதற்கு 1911 ஆம் ஆண்டில் கொழும்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவரே பிற்காலத்தில், 1929 இல், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் தாழங்குடாவிலும் அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. சேவையில் உள்ளவர்களுக்காக மட்டக்களப்பில் அரசினர் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், கல்வியியற் கல்லூரிகள் 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தாலும் நிலைபெற்றவை. நாட்டின் ஆசிரியர் கல்வி இன்றும் நின்றுகொண்டிருக்கும் தூண்கள் பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் நடப்பட்டவையே. யுத்தம் சூழ்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே என்பதை இங்கு மறக்கலாகாது.

யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் உருவான ஒரு சொல்லை இன்றைய இளைஞர் பலர் அறியமாட்டார்கள்: தொண்டர் ஆசிரியர். ஆசிரியர் வர முடியாத, அல்லது வந்து நிற்க முடியாத கிராமங்களில், உயர்தரம் வரை படித்த பிள்ளைகள் சம்பளமின்றியோ பெற்றோர் சேர்த்துக் கொடுத்த சிறுதொகைக்கோ வகுப்புகளை நடத்தினார்கள். பின்னர் அவர்களில் பலர் நிரந்தர நியமனம் பெற்று, கலாசாலையில் பயிற்சியும் பெற்றார்கள். பயிற்சி இல்லாதவர்கள் என்று அவர்களைக் குறைத்துப் பேசுவது எளிது. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நான் கண்ட மிகச் சிறந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுள் இருவர் தொண்டர் ஆசிரியராகத் தொடங்கியவர்கள். அவர்கள் முதலில் பிள்ளையை அறிந்தார்கள். கற்பித்தல் பற்றிய கோட்பாட்டைப் பிறகே படித்தார்கள். படித்தபோது ஒவ்வொரு கோட்பாட்டையும் தமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் முகத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒழுங்கை நம் கல்லூரிகள் இன்னும் பின்பற்றவில்லை.

கல்வியியற் கல்லூரியின் கற்கைநெறி மூன்று ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி, அதாவது ஒரு மூத்த ஆசிரியரின் வழிகாட்டலில் கற்பித்துப் பழகுவது. எழுத்தில் பார்த்தால் இது நல்ல அமைப்பு. பல நாடுகள் கட்டுறு பயிற்சிக்கு ஒரு முழு ஆண்டை ஒதுக்குவதில்லை. நடைமுறையில் அந்த மூன்றாம் ஆண்டுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலைக்கு ஒரு பயிலுநர் வந்தவுடன் அதிபருக்குக் கிடைப்பது ஒரு மேலதிகக் கை. நேரசூசியில் வெறுமையாகக் கிடந்த பாடவேளைகள் எல்லாம் அவர் பெயரில் நிரப்பப்படுகின்றன. நான் மேற்பார்வைக்குப் போன ஒரு பாடசாலையில், பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளை முதல் வாரத்திலேயே தரம் 3, தரம் 4 ஆகிய இரண்டு வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் சேர்த்து வைத்துக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழிகாட்ட வேண்டிய மூத்த ஆசிரியை பக்கத்துக் கட்டடத்தில் இன்னும் இரண்டு வகுப்புகளோடு இருந்தார். ஒருவர் கற்பிப்பதை மற்றவர் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அதிபரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வகுப்பில் ஆளில்லாமல் பிள்ளைகள் இருப்பதை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஆனால் அந்த ஆண்டில் அந்தப் பயிலுநர் கற்றுக்கொண்டது வகுப்பைச் சமாளிப்பதையே. சமாளிக்கக் கற்றவர் அதையே முப்பது வருடம் செய்துகொண்டிருக்க முடியும் என்பதுதான் இதன் ஆபத்து.

அந்த மண்டபத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தரம் 3 பிள்ளைகள் விடுமுறையைப் பற்றிச் சில வசனங்கள் எழுதியிருந்தார்கள். ஒரு பையனின் கொப்பியில், «மறுகா நாங்க அப்பாவோட வாடிக்குப் போன. இரவு யானை வந்த» என்று இருந்தது. ‘மறுகா’ மட்டக்களப்பாருக்குப் ‘பிறகு’. வாடி என்பது வயலில் காவலுக்குத் தங்கும் குடில். பயிலுநர் ‘மறுகா’வைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘போன’வையும் ‘வந்த’வையும் வட்டமிட்டு, கீழே ‘மொழி கவனம்’ என்று எழுதியிருந்தார். அடுத்த இரண்டு வாரத்துக்கான எழுத்துப் பயிற்சிகளைப் புரட்டிப் பார்த்தேன். அதே பையன் ‘எனது பாடசாலை அழகானது, எனது பாடசாலை பெரியது’ என்ற பாணியில், பிழையே இல்லாத, எதையும் சொல்லாத வசனங்களை எழுதியிருந்தான். யானை வந்த இரவைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அன்று மதியம் மூத்த ஆசிரியையிடம் அந்தக் கொப்பியைக் காட்டினேன். அவர் பையனை அருகில் இருத்தி, எழுதியதை வாசிக்கச் சொன்னார். «யானை வந்து என்னடா செஞ்ச?» என்று கேட்டார். அவன் சொல்லச் சொல்ல அவரே கரும்பலகையில் எழுதினார். முதலில் அவன் சொன்னபடியே ‘மறுகா’ என்று எழுதி, பக்கத்தில் ‘பிறகு’ என்று எழுதினார். «வீட்டில இது, கொப்பியில இது, ரெண்டும் நம்மட சொல்லுத்தான்» என்றார். பத்து நிமிடத்தில் ஏழு வசனம் பலகையில் நின்றது. பயிலுநர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு முழுவதிலும் அவர் பெற்ற உண்மையான ஆசிரியர் கல்வி அந்தப் பத்து நிமிடம் என்று நான் நம்புகிறேன். அதுவும் தற்செயலாகக் கிடைத்தது.

இனி அது தற்செயலாகக் கிடைக்கக் கூடாது. என் முழு வாதமும் இதுதான்.

பட்டம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நாட்டிலுள்ள 19 கல்வியியற் கல்லூரிகளையும் பட்டம் வழங்கும் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்ற பேச்சு பல அரசாங்கங்களின் காலத்திலும் எழுந்திருக்கிறது. இந்தியாவின் 2020 ஆம் ஆண்டுத் தேசிய கல்விக் கொள்கை, நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த கல்வியியற் பட்டத்தை 2030 ஆம் ஆண்டுக்குள் ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகைமையாக வைக்க எண்ணுகிறது. பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்தே ஆரம்ப வகுப்பு ஆசிரியரும் முதுமாணிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் ஐயமில்லை. உங்கள் மகளின் சேவைக்காலத்துக்குள், இன்று கல்லூரி வழங்கும் டிப்ளோமா பட்டமாக மாறுவதற்கு நிறையச் சாத்தியம் உண்டு. நான் அதை வரவேற்கிறேன். இன்று நம் பாடசாலைகளில் இரண்டு வகை ஆசிரியர் இருக்கிறார்கள். ஒருவர் கல்லூரியில் மூன்று ஆண்டு கற்பித்தல் முறை பயின்றவர். அவருக்குப் பாட அறிவு போதாது என்று சொல்லப்படுகிறது. மற்றவர் பல்கலைக்கழகத்தில் பாடத்தைப் படித்துவிட்டு, பட்டதாரி நியமனத்தில் நேரே வகுப்புக்கு வந்தவர். கற்பிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் சென்ற பிறகே வார இறுதி வகுப்புகளில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் படிக்கிறார். முதலாமவரைப் பிந்தியவர் கொஞ்சம் கீழாகவும், பிந்தியவரை முதலாமவர் பயிற்சியற்றவராகவும் பார்க்கும் ஆசிரியர் ஓய்வறைகளை நான் அறிவேன். நல்ல நான்கு ஆண்டுப் பட்டம் இந்தப் பிளவை ஆற்றக்கூடும்.

ஆனால் பட்டம் கொடுக்கத் தொடங்கியவுடன் விரிவுரை மண்டபம் பெரிதாகும், ஆய்வுக் கட்டுரை கட்டாயமாகும், புள்ளித் திட்டம் கடுமையாகும். பாடசாலையில் கழியும் காலமே முதலில் சுருங்கும். உலகில் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. பின்லாந்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதுமாணிப் பட்டத்தைச் சொல்வார்கள். அந்தப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் ஆசிரிய மாணவருக்கென்றே பயிற்சிப் பாடசாலைகளை நடத்துவதையும், அங்குள்ள ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதோடு ஆசிரிய மாணவருக்கு வழிகாட்டவும் நியமிக்கப்பட்டவர்கள் என்பதையும் சொல்ல மறந்துவிடுவார்கள். பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சிப் பாடசாலையை விட்டுவிட்டால் நமக்கு மிஞ்சுவது நீண்ட காலப் படிப்பு மட்டுமே.

பாட அறிவு, கற்பித்தல் முறை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதையும் இந்த மாற்றத்தோடு நாம் விட்டுவிட வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986 இல் முன்வைத்த கருத்து இதற்கு உதவும்: ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே தனியான ஓர் அறிவு உண்டு, அது பாடத்தை அறிந்தவருக்கும் தெரியாது, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 402 இலிருந்து 157 ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 355 என்று எழுதுகிறது. கணக்குத் தெரிந்த எவரும் அதைப் பிழை என்று சொல்லி, விடை 245 என்று காட்டிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: ஏழிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து பூச்சியம், நாலிலிருந்து ஒன்று. ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது’ என்று கீழ் வகுப்பில் யாரோ சொன்னதை அது விசுவாசமாகப் பின்பற்றுகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆசிரியர் விடையைத் திருத்துவதற்கு முன், பத்துகளையும் நூறுகளையும் கட்டுகளாகக் கட்டிய ஈர்க்குக் குச்சிகளை எடுத்து வைப்பார். இந்த அறிவு விரிவுரைக் குறிப்பில் வராது. நூறு பிள்ளைகளின் கொப்பியை ஓர் அனுபவசாலியோடு உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். எதிர்கால ஆசிரியர் கல்வியின் பாடநூலாகப் பிள்ளைகளின் கொப்பிகளே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அச்சத்துக்கு இப்போது வரலாம். சாட்ஜிபிடி 2022 இன் இறுதியில் வெளிவந்தது. அதன் பிறகு கல்லூரிகளில் முதலில் மாறியது பாடக்குறிப்பு. முன்பு இரவு முழுவதும் விழித்திருந்து எழுதும் பாடக்குறிப்பு இப்போது ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றை நான் வாசித்தேன். கட்டமைப்பு குறைசொல்ல முடியாதது. ஆனால் ‘தரம் 2’ என்பதற்குப் பதில் ‘இரண்டாம் வகுப்பு’ என்றும், ‘புள்ளி’க்குப் பதில் ‘மதிப்பெண்’ என்றும், ‘கொப்பி’க்குப் பதில் ‘நோட்டு’ என்றும் இருந்தது. இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. இயந்திரம் அந்தத் தமிழைப் பேசுகிறது. ஆரம்பப் பிரிவில் இது சிறு விடயம் என்று விட்டாலும், இரசாயனவியல் அங்கே வேதியியலாகவும் பௌதிகவியல் இயற்பியலாகவும் இருக்கையில், உயர்தரப் பிள்ளை பரீட்சை வினாத்தாளில் காணப்போகும் கலைச்சொல் ஒன்றாகவும் கைபேசி சொல்லிக்கொடுக்கும் சொல் இன்னொன்றாகவும் ஆகிவிடுகிறது. ஆசிரியர் இதை அறிந்து இடையில் நிற்காவிட்டால் குழப்பம் பிள்ளைக்கே.

இதைச் சொல்வதால் கருவியை ஒதுக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 402 இலிருந்து 157 என்ற கணக்கில் பிள்ளை செய்த பிழையைப் படமெடுத்துக் கொடுத்தால், அதன் காரணத்தை இன்றைய இயந்திரமும் ஓரளவு சொல்லிவிடும். அது நல்லதே, நூல்நிலையமும் ஆலோசகரும் எட்டாத பாடசாலையில் தனித்து நிற்கும் ஆசிரியைக்கு அது பெரிய துணை. ஆனால் எந்தக் கொப்பியைப் படமெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சொல்லப்பட்ட காரணம் இந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளையோடு உட்கார வேண்டும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாள்கள் ஒரே கைபேசியை நான்கு பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளில் என்ன ஆயின என்பதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிவோம். ஆகவே இனிக் கல்லூரியில் பாடக்குறிப்பை எழுதுவதற்குப் புள்ளி கொடுப்பதைக் குறைத்து, இயந்திரம் எழுதிய பாடக்குறிப்பைத் தம் வகுப்புக்கு ஏற்பத் திருத்துவதற்கும், கற்பித்து முடிந்தபின் அது எங்கே பொருந்தவில்லை என்று எழுதுவதற்கும் புள்ளி கொடுக்க வேண்டும். 2025 இல் அறிவிக்கப்பட்ட கல்வி மறுசீரமைப்பு, பாடநூலை மையமாகக் கொண்ட முறையிலிருந்து பாடத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்துக் கற்பிக்கும் தொகுதி முறைக்குப் போக முனைவதால், ஆயத்தப் பொருளைத் தெரிந்தெடுத்துத் திருத்தும் இந்தத் திறன் முன்னிலும் அவசியமாகும். 1999 இல் நாடு முழுவதும் தரம் 1 இல் செயற்பாட்டுவழிக் கல்வி வந்தபோதும், 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோதும், கலைத்திட்டம் கொழும்பிலிருந்து விரைவாகப் புறப்பட்டது. ஆசிரியரின் ஆயத்தம் மெதுவாக, சில நாள் கருத்தரங்குகளாக, பின்னால் வந்தது. பழைய முறையைப் புதிய பெயரில் கற்பித்த வகுப்புகளை நான் எண்ணற்றுப் பார்த்தேன். மூன்றாம் முறையும் அப்படியே நடக்குமானால் குற்றம் ஆசிரியருடையதாக இராது.

நம் மண்ணுக்கே உரிய சில விடயங்களை ஆசிரியர் கல்வி இதுவரை போதுமான அளவு உள்வாங்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் எழுவான்கரையில் வசிக்கிறார்கள். ஆசிரியர் தேவை மிகுந்த பாடசாலைகள் படுவான்கரையில் இருக்கின்றன. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ‘பாதை’யில் கடந்த காலை வேளைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன, வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்றே அழைப்போம். பாதையில் ஏறும் ஆசிரியரின் மனம் பிற்பகல் எத்தனை மணிக்குத் திரும்பும் பாதை என்பதில் பாதி இருக்கும். மாரியில் வெள்ளம், அறுவடைக் காலத்தில் பெற்றோரோடு வாடிக்குப் போய்விடும் பிள்ளைகள், மாலையானால் யானைப் பயம். அதிகஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு இருந்தும், கட்டாய சேவைக்காலம் முடிந்தவுடன் இடமாற்றம் கேட்பதை மனித இயல்பென்றே கொள்ள வேண்டும். இதற்கு நீண்டகால விடை ஒன்றே: வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் கரடியனாற்றிலும் பிறந்த பிள்ளைகளைப் பத்தாம், பதினோராம் தரத்திலேயே இனங்கண்டு, ஆசிரியத் தொழிலுக்கு ஊக்கி, கல்லூரியில் சேரும்வரை துணைநின்று, அவர்கள் ஊருக்கே திரும்பும்படி செய்வது. நீங்கள் மண்டூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தந்ததன் காரணமும் இதுவே.

பல்தரக் கற்பித்தல் இன்னொன்று. இரண்டு மூன்று தரங்களை ஓர் ஆசிரியர் ஒருங்கே கற்பிப்பது சிறிய பாடசாலைகளில் தற்காலிக ஏற்பாடு என்றே கருதப்படுகிறது. அது தற்காலிகமன்று, பிள்ளைகளின் தொகை குறைந்த கிராமங்களில் அதுவே நிரந்தரம். அதற்கென ஒரு முழுத் தவணைக் கற்கை, அப்படிப்பட்ட பாடசாலையிலேயே, ஒவ்வொரு ஆரம்பக் கல்விப் பயிலுநருக்கும் வேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான உட்படுத்தற் கல்விக்கும் இதுவே பொருந்தும்.

பிள்ளையின் மனக்காயம் பற்றியும் சொல்ல வேண்டும். 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வரவழைத்து, விளையாட்டாலும் கதையாலும் களிமண்ணாலும் அவர்களைத் தேற்றியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் அத்தகைய அனுபவம் நமக்குக் கைகொடுத்தது. இவ்வளவு அறிவு நம் ஊரிலேயே திரண்டிருக்க, நம் கல்லூரிகளில் உளவியல் இன்னும் மேனாட்டுப் பெயர்களை மனனம் செய்யும் பாடமாகவே பெரும்பாலும் இருக்கிறது. இன்று தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போக அம்மம்மாவோடு வளரும் பிள்ளை எத்தனை வகுப்புகளில் இருக்கிறது! அந்தப் பிள்ளை வீட்டுவேலை செய்யாமல் வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பது ஆசிரியர் கல்வியின் விடயமே.

அம்பாறை மாவட்டம் இதில் நமக்கு இன்னொரு வாய்ப்பைத் தருகிறது. கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. உள்ளே சிங்கள ஊர்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை என்று கல்வி வலயங்கள் அருகருகே இருந்தும், ஓர் இன ஆசிரியர் மற்ற இனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமலேயே ஓய்வு பெற்றுவிட முடிகிறது. தாழங்குடாவில் படிப்பவர் ஒரு மாதமேனும் முஸ்லிம் பாடசாலையிலும், அட்டாளைச்சேனையில் படிப்பவர் ஒரு மாதமேனும் தமிழ்ப் பாடசாலையிலும் கற்பித்தற் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தால் அதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கத் தகுந்தவர்களையும் இந்த மாவட்டமே உருவாக்க முடியும்.

அருகில் நிற்பவர் யார் என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். இன்று அந்த இடத்தில் சேவைக்கால ஆசிரிய ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பாடத்துக்கு ஒருவராக வலயம் முழுவதையும் பார்க்கும் ஆலோசகர், ஒரு பாடசாலைக்கு ஆண்டில் எத்தனை முறை வர முடியும்? வந்தாலும் பதிவேடுகளைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எனக்குச் சாத்தியமாகத் தோன்றும் வழி, அருகருகே உள்ள பாடசாலைகள் சேர்ந்த ஒவ்வொரு கொத்தணியிலும் இரண்டு மூன்று சிறந்த ஆசிரியர்களை வழிகாட்டி ஆசிரியராக நியமித்து, அவர்களின் பாடவேளையைப் பாதியாகக் குறைத்து, மிகுதி நேரத்தைப் புதியவர்களின் வகுப்பில் இருக்கச் செய்வது. பாடவேளையைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது இன்னொரு படிவமாகவே முடியும். அதற்கு ஒரு கொடுப்பனவும், ஆசிரியர் சேவையின் பதவி உயர்வில் ஓர் இடமும் வேண்டும். 2014 ஆம் ஆண்டுச் சேவைப் பிரமாணக் குறிப்பு ஆசிரியரின் வகுப்பு, தரம் ஆகியவற்றைத் தகைமையாலும் சேவைக்காலத்தாலும் அளக்கிறது. மற்றொரு ஆசிரியரை உருவாக்கியதற்கு அதில் போதிய மதிப்பில்லை. ஜப்பானில் நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கும் பாட ஆய்வு முறையும் நமக்குப் பொருந்தும். ஆசிரியர் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தை ஆயத்தம் செய்வார்கள். ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். நம்மிடம் பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விரிவுரை கேட்கும் அந்த நேரத்தை இப்படி மாற்ற எந்தச் சுற்றறிக்கையும் தடையாக இராது.

கல்லூரி விரிவுரையாளரும் ஐந்தாண்டுக்கு ஒரு தவணையாவது மீண்டும் வகுப்பறையில் கற்பிக்க வேண்டும். இதை நான் என் சக ஊழியர்களிடம் சொன்னபோது அவர்கள் விரும்பவில்லை. ஆனால் ஆரம்ப வகுப்பை விட்டு இருபது வருடம் விலகி நின்றவர் இன்றைய தரம் 1 பிள்ளையைப் பற்றிப் பேசுவதை ஆசிரிய மாணவர் எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் அது விடயத்துக்கு வெளியே இல்லை. 2021 இல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் போராடியதும், 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போனதும் நம் கண்முன் நடந்தவை. உலகம் முழுவதும் 2030 ஆம் ஆண்டுக்குள் ஆரம்ப, இடைநிலை வகுப்புகளுக்கு இன்னும் 4 கோடி 40 இலட்சம் ஆசிரியர் தேவை என்று யுனெஸ்கோ மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே ஆசிரியருக்கு வேலையிராது என்ற பேச்சை உங்கள் மகள் நம்ப வேண்டியதில்லை. நல்ல ஆசிரியரை நம் ஊர் வகுப்பறையில் வைத்திருக்க நாடு என்ன கொடுக்கப்போகிறது என்பதே உண்மையான கவலை.

கல்லூரிக்குத் தெரிவானால் உங்கள் மகள் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். கற்பித்தற் பயிற்சிக்குப் போகும் முதல் நாளே ஒரு தனிக் கொப்பி எடுத்துக்கொள்ளட்டும். அதில் பிள்ளைகள் விடும் பிழைகளை, அவர்கள் எழுதியபடியே, ‘மறுகா’வையும் 355 ஐயும் எழுதுவது போல, திருத்தாமல் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே, அந்தப் பிள்ளை அப்படி எழுதியதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று தாம் நினைப்பதை எழுதட்டும். வாரத்தில் ஒருமுறை அதை அந்தப் பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். மூத்தவர்களில் பெரும்பாலோர் அப்படி யாராவது வந்து கேட்பதற்காகக் காத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு முடியும்போது பட்டமோ டிப்ளோமாவோ எது கிடைத்தாலும், அந்தக் கொப்பியை மண்டூர் வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.